மின்னியல் வகுப்பை விட்டுப் போன மாணவர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. அதற்கு மெக்கானிக்கல் துறையில் ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆகவே எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, 2001-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அவர் பெயர் ஜி.என்.ராமச்சந்திரன்.

முதலில் கடன் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்க ஊர் பாளையம்பட்டி. அப்பா அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வண்டியிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை என்றதும் அம்மா குலசாமியைக் கும்பிட்டாள். ஆனால் விடிகாலையில் அப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கு உள்ளே ஓரமாக ரத்தம் கட்டியிருந்தது. உடனே ஆபரேஷன். இன்றைக்கு அப்பா மறுபடியும் தறிக்குப் போகிறார்.

நண்பர்களே, இரண்டு படமும் எக்ஸ்ரேதான். முதல் படத்தில் தெரியாத ரத்தம் இரண்டாவதில் மட்டும் எப்படித் தெரிந்தது? ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் அண்ணனிடம் கேட்டேன். படத்தை உண்டாக்குவது மெஷினுக்குள் நடக்கிற கணக்கு என்றார். அந்தக் கணக்கில் ராம்-லக் ஃபில்டர் என்று ஒன்று உண்டு, அதில் உள்ள இரண்டு பேரும் நம்ம நாட்டுக்காரர்கள் என்றார். ராம் என்பது ராமச்சந்திரன். லக் என்பது அவருடன் வேலை செய்த ஏ.வி.லட்சுமிநாராயணன். அன்றிலிருந்து அவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயருக்கு முன்னால் உள்ள 'ஜி' என்பது கோபாலசமுத்திரம். திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர். தகப்பனார் நாராயண அய்யர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அந்த வீட்டில் சோற்றோடு கணக்கும் பரிமாறினார்கள் என்று சொல்லலாம். நம்மில் பலருக்கு அந்த வசதி கிடையாது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் கிடைத்ததை வைத்து மட்டும் ஒருவர் அந்த உயரத்துக்குப் போய்விட முடியாது என்பதும் உண்மை.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தார். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். எந்தத் துறையில் தெரியுமா? நம்ம எலெக்ட்ரிக்கல் துறையில்! ஆனால் மனசு இயற்பியலில் இருந்தது. சீக்கிரமே துறை மாறி சர் சி.வி.ராமனிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார். நமக்கு நஷ்டம், உலகத்துக்கு லாபம்!

அங்கே அவர் கையில் எடுத்த கருவி எக்ஸ்ரே. அதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே உள்ள கதை புரியும். நம்ம லேபில் 230 வோல்ட்டைத் தொடவே பயப்படுகிறோம். சி.டி. மெஷினின் குழாயில் சுமார் 1,20,000 வோல்ட் கொடுக்கிறார்கள். எலக்ட்ரான்கள் பாய்ந்து போய் டங்ஸ்டன் உலோகத்தில் மோதுகின்றன. அவற்றின் சக்தியில் ஏறக்குறைய 99 சதவீதம் வெப்பமாகவே போய்விடும். மிச்சம் சுமார் 1 சதவீதம்தான் எக்ஸ்ரே.

அந்தக் கதிர் உடம்புக்குள் போனால் என்ன நடக்கும்? சில கதிர் எதிலும் மோதாமல் அடுத்த பக்கம் வந்துவிடும். சில கதிர் அணுவின் உள்ளே இருக்கிற எலக்ட்ரானைத் தட்டிவிட்டுத் தானே மறைந்துபோகும். இதற்கு ஒளிமின் விளைவு என்று பெயர். இது அணு எண்ணின் ஏறக்குறைய கனத்துக்கு ஏற்ப ஏறும். தசையில் அதிகமாக உள்ள ஆக்சிஜனின் அணு எண் 8. எலும்பில் உள்ள கால்சியத்துக்கு 20. எண் இரண்டரை மடங்குதான், ஆனால் கனம் பதினைந்து மடங்குக்கு மேலே! ஆகவே எலும்பு கதிரை மறித்துவிடுகிறது, படத்தில் வெள்ளையாக விழுகிறது. மூன்றாவதாக, சில கதிர் எலக்ட்ரானில் மோதி, சக்தியில் கொஞ்சம் இழந்து, திசை மாறிச் சிதறும். 1923-இல் காம்ப்டன் கண்டு சொன்னது இதைத்தான். படத்தில் புகை மாதிரி படிவதும் இதனால்தான். டெக்னீஷியன் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்பதற்கும் இந்தச் சிதறல் ஒரு காரணம்.

சக்தியை இழக்காமலே சிதறுகிற கதிரும் உண்டு. அதை வைத்து, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்கலாம். ராமச்சந்திரன் முதலில் புகழ் பெற்றது இதில்தான். பெங்களூரிலும், பிறகு 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் படிகங்களின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி ஆராய்ந்தார்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடினார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். சுமார் 30 வயதில் ராமச்சந்திரன் துறைத் தலைவர் ஆனார். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டார். கங்காரு வாலின் தசைநாரை எல்லாம் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தார்கள். 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் விடை சொன்னார்கள்: மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு. தறிக்காரர் வீட்டுப் பையன் எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. முறுக்கு நூலின் பலம் எங்களுக்குத் தெரியாதா!

ஆனால் உடனே மாலை விழுந்துவிடவில்லை. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும் அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று குறை சொன்னார்கள். நாமாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்தார்? அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு வரைபடம் வெளியிட்டார். ஒரு புரதத்தின் அமைப்பு சரிதானா என்று பார்க்க இன்றும் உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். குறை சொன்னவர்களுக்கும் அது பயன்பட்டது என்றால் மிகையாகாது.

இனி என் அப்பாவின் தலைக்கு வருகிறேன். சாதாரண எக்ஸ்ரே என்பது நிழல். முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். தண்ணீரைச் சைபர் என்றும், காற்றைக் கழித்தல் 1000 என்றும் வைத்தால் மூளை 30 முதல் 40 வரை வரும். புது ரத்தம் 60 முதல் 80 வரை வரும். எலும்போ பல நூறுகளைத் தாண்டும். அவ்வளவு சின்ன வித்தியாசம் மண்டை ஓட்டின் நிழலில் தெரியாமல் போகிறது. பல திசையிலிருந்து நிழல் எடுத்து, அவற்றைக் கணக்குப் போட்டுச் சேர்த்தால் உள்ளே இருப்பதைக் குறுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி பார்க்கலாம். பழைய கணித முறையில் அந்தக் கணக்கு அன்றைய கம்ப்யூட்டர்களுக்குப் பெரும் பாரம்.

1970-இல் ராமச்சந்திரன் சென்னையை விட்டு வெளியேறினார். 1971-இல் அவரும் லட்சுமிநாராயணனும் அமெரிக்க அறிவியல் கழக ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃபூரியர் மாற்றம் போடாமல், கன்வல்யூஷன் என்ற சுருக்கு வழியில் உருவத்தை மீட்கலாம் என்று காட்டினார்கள். பிரேஸ்வெல், ரிடில் ஆகிய இருவர் 1967-இல் வானொலி வானியலுக்காக இதே வழியைக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் எக்ஸ்ரே படங்களுக்கு இந்த வழியைத் தெளிவாகக் காட்டியது நம்மவர்கள். அதே 1971 அக்டோபரில் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷின் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. அந்த மெஷின் வேறு வழியில் கணக்குப் போட்டது. பின்னால் வந்த மெஷின்கள் பல ஆண்டுகள் கன்வல்யூஷன் வழியையே பின்பற்றின. இன்று புதுக் கணக்குகள் வந்தபிறகும் அந்த ஃபில்டரின் பெயர் மறையவில்லை.

1979-இல் சி.டி.க்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு அவர்கள் தகுதியானவர்களே. ராமச்சந்திரனுக்குக் கடைசிவரை நோபல் கிடைக்கவில்லை. 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1999-இல் படிகவியலின் எவால்ட் பரிசு கிடைத்தது. அதற்குள் நடுக்குவாத நோய் அவரை முடக்கியிருந்தது. மனைவி ராஜலட்சுமி அம்மையார் 1998-இல் மறைந்தார். 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் அவரும் கண்மூடினார்.

கன்வல்யூஷன் என்ற வார்த்தையைப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இங்கிலீஷ் வேறு. நாலு தடவை படித்தும் ஏறவில்லை. கடைசியில் அப்பாவிடமே சொல்லிப் பார்த்தேன். ஒரு துணியில் ஒரு முடிச்சு இருக்கிறது. அது எங்கே என்று தெரியாது. எல்லாத் திசையிலும் நூல் ஓடுகிறது. முடிச்சு வழியாகப் போகிற நூலை எல்லாம் சாயத்தில் நனைத்தால், எல்லா நூலும் சந்திக்கிற இடம் அடர்த்தியாகத் தெரியும். ஆனால் சுற்றிலும் சாயம் இழுபட்டு மங்கலாக இருக்கும். அதற்காகச் சாயம் போடும் முன்பே, ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்து நூல்களின் சாயத்தைக் கணக்காகக் குறைத்துவிட்டால், முடிச்சு மட்டும் பளிச்சென்று நிற்கும். அந்தக் குறைப்புக் கணக்குதான் ராம்-லக் ஃபில்டர். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பக்கத்து நூலில் எவ்வளவு குறைக்கவேண்டும் என்பதுதானே வித்தை என்று கேட்டார். ஆமாம், அதேதான்! எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை ஆஸ்பத்திரிகளில் இந்த மெஷினைப் பூட்டவும் பழுதுபார்க்கவும் போவோம். நமக்குக் கணக்கு வராது, இங்கிலீஷ் வராது என்று வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒதுங்க வேண்டாம். புரியாததை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். ராமச்சந்திரன் அவர்களுக்கு என்னால் செலுத்த முடிந்த கடன் இப்போதைக்கு இவ்வளவுதான்.



— இரண்டாமாண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை