பொய்ச்சான்றும் மறைசாட்சியும்

நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தால் நம்மில் பலர் தயங்குகிறோம். நமக்கு ஏன் வீண் வம்பு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஜூன் 22 அன்று நாம் விழாக் கொண்டாடும் புனித தாமஸ் மூரின் வாழ்வு, இந்தத் தயக்கத்தைப் பற்றிச் சிந்திக்க நம்மை அழைக்கிறது.

1478-இல் இலண்டனில் பிறந்த மூர் சட்டம் பயின்றவர். அன்பான குடும்பத் தலைவர். 1529-இல் எட்டாம் ஹென்றி அரசர் அவரைச் சான்சலர் என்னும் உயர் பதவியில் அமர்த்தினார். அரசர் திருச்சபையைத் தம் அதிகாரத்துக்கு உட்படுத்த முயன்றபோது, 1532-இல் மூர் பதவி விலகினார். திருத்தந்தையின் அதிகாரத்தை மறுக்கும் உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் 1534-இல் இலண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டார். காரணம் கேட்டபோது அவர் மௌனம் காத்தார். மௌனத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பது அந்தச் சட்ட அறிஞருக்குத் தெரியும்.

1535 ஜூலை 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை நடந்தது. அரசு வழக்கறிஞர் ரிச்சர்டு ரிச் ஆணையிட்டுச் சாட்சி சொன்னார். மூரின் புத்தகங்களை எடுத்துச் செல்லச் சிறைக்குப் போனபோது, அரசரைத் திருச்சபையின் தலைவராக்கப் பாராளுமன்றத்தால் முடியாது என்று மூர் தம்மிடம் கூறியதாகச் சொன்னார். மூர் அதை அடியோடு மறுத்தார். ஆணையை மதிக்காதவராக இருந்தால் தாம் இந்த இடத்தில் நிற்க வேண்டியதே இல்லை என்றார். தமக்கு வந்த ஆபத்தைவிட, ரிச்சின் பொய்யாணைக்காகவே வருந்துவதாகவும் கூறினார்.

அன்று அதே அறையில் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த சவுத்வெல், பால்மர் இருவரும் சாட்சிகளாக அழைக்கப்பட்டனர். வேலையில் இருந்ததால் பேச்சைக் கவனிக்கவில்லை என்று இருவரும் சொல்லிவிட்டனர். நடுவர் குழு கால் மணி நேரத்துக்குள் மூரைக் குற்றவாளி என்றது. தீர்ப்புக்குப் பின்னரே மூர் தம் விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டார். ஜூலை 6 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார்.

ரிச் பிற்காலத்தில் மூர் வகித்த அதே சான்சலர் பதவியில் அமர்ந்தார். மூரையோ 1935-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது.

எட்டாம் கட்டளையை நினைக்கும்போது நாம் ரிச்சை மட்டுமே குற்றம் சாட்டுகிறோம். ஆனால் நாம் ரிச்சைப் போல் நடப்பது அரிது. பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும், கேட்டதைக் கேட்கவில்லை என்றும் சொல்லும் சோதனையே நமக்கு அடிக்கடி வருகிறது. நாம் விலகிக்கொள்ளும்போது, குற்றமற்ற ஒருவர் தனியே நிற்கிறார்.

விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரை மறைசாட்சி என்கிறோம். அந்தச் சொல்லிலேயே சாட்சி இருக்கிறது. அடுத்தமுறை நமக்கு அழைப்பு வரும்போது, கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் துணிவைப் புனித தாமஸ் மூர் வழியாக இறைவனிடம் கேட்போம்.