ரங்காசார்லு கூட்டிய மன்றம்

மைசூர் மணிக்கூண்டின் அருகே உள்ள ரங்காசார்லு நினைவு மண்டபத்தை நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்கிறோம். அப்பெயருக்கு உரியவர் நம் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்தவர் என்பதை, இங்கு வந்து இரண்டாண்டு கழித்தே நான் அறிந்தேன். வெட்கமும் பெருமையும் ஒருங்கே உண்டாயின.

1831-இல் பிறந்த சி. வி. ரங்காசார்லு, சென்னை மாகாண அரசுப் பணியில் படிப்படியாக உயர்ந்தவர். 1868-இல் மைசூர் அரண்மனை நிர்வாகத்தைச் சீர்ப்படுத்த இங்கு வந்தார். 1881 மார்ச்சில் ஆங்கிலேயர் ஆட்சியைச் சாமராஜேந்திர உடையாரிடம் ஒப்படைத்தபோது திவானானார்.

அவர் கையில் வந்த நாடு எத்தகையது? 1871-இல் 50 இலட்சமாக இருந்த மக்கள் தொகை, 1876–78 பஞ்சத்தின் கொடுமையால் 1881-இல் 42 இலட்சமாகக் குறைந்திருந்தது. கடன் வேறு கழுத்தை நெரித்தது. இத்தகைய வேளையில் அதிகாரத்தை இறுகப் பற்றிக்கொள்ளவே பலரும் எண்ணுவர். அவரோ கதவைத் திறந்தார். 1881 அக்டோபர் 7-ஆம் நாள், தசராவையொட்டி, தாலுக்காக்களிலிருந்து வந்த நிலக்காரரும் வணிகருமாக 144 பேர் மைசூரில் கூடினர். சென்ற ஆண்டின் ஆட்சி நடந்த விதத்தையும் வரும் ஆண்டின் திட்டத்தையும் திவான் அவர்கள் முன் வைத்தார். அவர்கள் குறைகளைச் செவிமடுத்தார்.

மலைநாட்டுப் பாக்குத் தோட்டக்காரர் காணும் குறை வேறு. மைதானத்துக் கேழ்வரகு உழவர் காணும் குறை வேறு. சந்தை வணிகருக்குச் சாலையே கவலை. கோப்பில் காணாததைக் கூட்டம் காணும் அன்றோ?

அம்மன்றத்துக்குச் சட்டம் இயற்றும் உரிமை இல்லை. உறுப்பினர் தேர்தல் 1891-இல்தான் வந்தது. நிலமற்ற ஏழைக்கும் பெண்களுக்கும் அன்று அங்கே இடமில்லை. இக்குறைகளை மறைக்கலாகாது. ஆயினும் அன்று ஊன்றிய வித்து 1949 வரை நின்று வளர்ந்தது. அதன் வளர்ச்சியைக் காண அவருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. 1883 ஜனவரியில் மறைந்தார்.

நண்பர்களே, இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற திங்கள் ஒரு கூட்டத்தில் விழாக் கணக்கைப் பற்றி ஐயம் எழுப்பிய முதலாண்டுத் தம்பி ஒருவரை, நேரமில்லை என்று சொல்லி நான் உட்கார வைத்தேன். இரவு அறையில் கணக்கை மீண்டும் கூட்டிப் பார்த்தேன். பிழை என்னுடையது, அவர் கண்டதே சரி.

அந்நிய மண்ணில் பஞ்சத்துக்குப் பின் ஒருவர் 144 பேரைக் கேட்டார். நாற்பது பேர் கூடும் அறையில் ஒரு தம்பியைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த கூட்டத்தில் முதற் பேச்சு அவருடையதாக இருக்கட்டும். நம் கன்னட நண்பர்களையும் அழைப்போம். நமக்குப் புலப்படாதது அவர்களுக்குப் புலப்படலாம்.