தேவசகாயம் பிள்ளை

தேவசகாயம் பிள்ளை (ஏப்ரல் 23, 1712 – சனவரி 14, 1752) திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய கிறித்தவப் பொதுநிலையினர் ஆவார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன்.

1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சியளித்த டச்சுப் படைத்தலைவர் டி லனாய் இவருடைய நண்பரானார். டி லனாய் குருவானவர் அல்லர். எனினும் அவரோடு உரையாடியே இவர் கிறித்தவத்தை அறிந்தார். கால்நடைகளை இழந்து வருந்திய இவருக்கு அவர் விவிலியத்தின் யோபு கதையைக் கூறினார் என்பது மரபு.

1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் கிறித்தவரானார். சாதி வேறுபாடின்றிப் பழகித் தம் நம்பிக்கையைப் பிறருக்கும் எடுத்துரைத்தார்.

1749இல் சிறையிடப்பட்டார், 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதமா, அரசியலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் இவரே.