எருவும் ஓடையும்: லீபிக் சரிதம்

நம் இரசாயன சாலையில் ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்ணாடிக் கருவியை லீபிக் கண்டென்சர் என்று வழங்குகிறோம். அதனை முதன்முதல் அமைத்தவர் லீபிக் அல்லர். பலரறியச் செய்தவரே அவர். அப்பெரியார் உண்மையில் சாதித்தது யாது, எவ்விடத்தில் வழுவினார், அவ்வழுவுக்கும் இக்காலத்துப் பால்பண்ணைகளின் அருகே ஓடும் ஓடைகளுக்கும் தொடர்பு என்ன என்பவற்றை ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

ஜுஸ்டுஸ் லீபிக் ஜெர்மனி தேசத்து டார்ம்ஷ்டாட் நகரில் 1803-ம் ஆண்டு மே மாதம் 12-ம் நாள் பிறந்தார். தந்தையார் வர்ணங்களும் மருந்துச் சரக்குகளும் விற்கும் வணிகர். அவருடைய பட்டறையே மைந்தனுக்கு முதற் பள்ளியாயிற்று. பள்ளிக்கூடத்திலோ அவன் மந்தன் எனப் பெயரெடுத்தான். மருந்து வணிகர் ஒருவரிடம் தொழில் பயில விடப்பட்டுச் சின்னாளில் வீடு திரும்பினான். வெடிமருந்துச் சோதனையால் விபத்து நேர்ந்து துரத்தப்பட்டான் என்பது கதை; தந்தையார் பயிற்சிப் பணம் செலுத்த இயலாமையே காரணம் என்பர் ஆராய்ந்தோர். கதைதான் சுவையுடையது! பின்னர் பாரிஸ் நகரில் கே-லுஸாக் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1824-ல் தமது 21-ம் வயதிலேயே கீஸென் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். போர்வீரர் விட்டுச்சென்ற பாசறையின் காவலறையே அவருடைய ஆய்வுசாலை. மாணவர் தம் கையாலேயே சோதனை செய்து கற்கும் முறை அங்கிருந்தே உலகெங்கும் பரவிற்று.

1840-ல் பயிர்த்தொழிலுக்கு இரசாயனத்தைப் பொருத்திக் காட்டும் நூலொன்றை வெளியிட்டார். பயிர் மண்ணில் மட்கிய பொருளை உண்டு வளர்கிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, கரியைக் காற்றினின்றும், சாம்பலில் எஞ்சும் உப்புக்களை மண்ணினின்றும் பெறுகிறதென நாட்டினார். வேண்டும் உணவுகளுள் எது மிகக் குறைவோ அதுவே விளைவை வரையறுக்கும் என்னும் விதியையும் பரப்பினார். ஸ்பிரெங்கல் என்பார் அதனை முன்னரே கூறியிருந்தார்.

1845-ல் செயற்கை எருவொன்றை இங்கிலாந்தில் விற்பனைக்கு விடுத்தார். மழை கரைத்துக் கொண்டுபோய்விடுமே என்றஞ்சி, அதனை நீரில் எளிதிற் கரையாதபடி உருக்கிச் செய்வித்தார். கரையாத உணவைப் பயிர் உண்பது எங்ஙனம்? வாங்கிய உழவர் ஏமாந்தனர். நைட்ரஜனைப் பயிர் காற்றிலுள்ள அம்மோனியாவினின்றே வேண்டுமட்டும் பெறும் என்று அவர் கருதியதும் பிழையென, ரொதாம்ஸ்டெட் வயல்களில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் காட்டினர். 1850-ல் தாமஸ் வே என்பார், அம்மோனியாவையும் பொட்டாஷையும் மண்ணே பற்றிக்கொள்ளும் என நிறுவினார். லீபிக் நெடுநாள் வாதாடினார். சினமும் கடுஞ்சொல்லும் அவர் இயல்பு. ஆயினும், படைத்தவன் மண்ணில் அமைத்த ஏற்பாட்டைத் தாம் திருத்தப் புகுந்தது தவறென்று பின்னாளில் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார். புகழின் உச்சியிலிருந்து இதைச் செய்வோர் எத்தனை பேர்?

லண்டன் மாநகரின் கழிவனைத்தும் தேம்ஸ் நதி வழியே கடலிற் கலப்பதைக் கண்டு நொந்து, அதனை வயலுக்கே மீட்கவேண்டுமென வற்புறுத்தியதும் அவரே. அவர் வருந்தியது முதன்மையாக ஆற்றுக்காக அன்று, இழந்த எருவுக்காக. 1873-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் நாள் மியூனிக் நகரில் காலமானார்.

எனினும், மழையைப் பற்றிய அவரது அச்சம் முற்றும் வீணன்று. மண் பற்றிக்கொள்ளாத பொருள் ஒன்றுண்டு, அது நைட்ரேட். பசுவின் சாணமும் மூத்திரமும் மண்ணில் சிதைந்து நைட்ரேட் ஆகின்றன. பயிர் உண்டு எஞ்சியது மழைநீரோடு இறங்கி ஓடையை அடைகிறது. மண்ணைப் பற்றி நிற்கும் பாஸ்பேட்டும், அரிக்கப்படும் மண்ணோடும் சாணத்தோடும் ஓடிச் சேர்கிறது. அங்கே பாசி பெருகி, மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு செலவாகி மீன்கள் மாள்கின்றன. கனடா தேசத்தில் 1973-ல் ஓர் ஏரியைத் திரையால் இரு கூறாக்கி, ஒன்றில் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றையும், மற்றதில் பாஸ்பரஸ் நீங்கலாக ஏனை இரண்டையும் இட்டனர். பாஸ்பரஸ் பெற்ற கூறே பாசியால் பசுமை பூண்டது. லீபிக் பரப்பிய விதி வயலைக் கடந்து நீரிலும் ஆட்சி செய்கிறதன்றோ!

கரையோரம் புல்லும் மரமும் வளரவிட்டு, பசுக்கள் ஓடையில் இறங்காதபடி வேலியிட்டு, சாணக் கரைசலைக் குளிர்காலம் முழுதும் தொட்டியில் தேக்கிவைத்துப் பயிர் வளரும் பருவத்தில் இடுவதே இதற்குப் பண்ணையார் கைக்கொள்ளும் வழி. தொட்டிக்குச் செலவு மிகுதியாதலின் உழவர் முணுமுணுப்பதும் இயல்பே. ஐரோப்பாவில் 1991-ம் ஆண்டுச் சட்டம், நைட்ரேட் மாசுக்கு உட்படும் நிலங்களில் கால்நடை எருவின் நைட்ரஜனை ஆண்டொன்றுக்கு ஹெக்டேருக்கு 170 கிலோகிராம் எனப் பொதுவாக வரையறுத்தது. அச்சட்டத்தைச் செவ்வனே நிறைவேற்றவில்லையென்று 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது, லீபிக் பிறந்த ஜெர்மனியின்மீதே.