தோட்டத்து வாயிலைத் திறந்தவர்: கோ. நடேசய்யர்

பிரட்டுக்களத்தில் பேர் பதிவாகாத ஒருவன் துரையின் அனுமதியின்றித் தோட்டத்து எல்லைக்குள் கால் வைத்தால், அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்துக்கு ஆளாகும் காலம் ஒன்று இம்மலைநாட்டில் இருந்தது. அக்காலத்திலே, 1915-ம் ஆண்டில், துணி விற்பவராகத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் ஒருவர். துணி வியாபாரியைத் துரைமார் தடுப்பதில்லை. அவருக்கோ வியாபாரம் ஒரு சாக்கு. பார்க்க வந்தது லயங்களில் வாழ்ந்த மக்கள் படும் பாட்டை. அவரே 1887-ம் ஆண்டு தஞ்சாவூர்ச் சீமையில் அந்தண குலத்திற் பிறந்த கோ. நடேசய்யர் அவர்கள்.

நாம் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள். அங்கு மண்டபத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கிய பாதிரிமார் படங்களை இன்றும் மறக்கவில்லை. அவர்களுக்கு நாம் பட்ட கடனும் பெரிது. ஆயினும் ஐயர் அவர்களின் பெயரை எந்த வகுப்பிலும் நாம் கேட்டதில்லை. சாரல்நாடன் அவர்கள் ஐயரைப் பற்றி எழுதிய நூல் கைக்குக் கிடைத்த பின்னரே, நம் அட்டனில் இப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதை அறிந்தோம். சங்கத்துப் பெரியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

தஞ்சையில் வர்த்தகர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர் ஐயர். 1920-ம் ஆண்டளவில் இலங்கையிலேயே தங்கிவிட்டார். கொழும்பில் 1921-ல் ‘தேசநேசன்’, 1924-ல் ‘தேசபக்தன்’ என இரு பத்திரிகைகளை நடத்தினார். எந்தத் தேசத்தின் நேசன், எந்தத் தேசத்தின் பக்தன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நமக்கும் தோன்றியது. ஐயருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை போலும். பாரதத்தின் விடுதலையும் இலங்கைத் தொழிலாளியின் விடுதலையும் ஒரே தாளில் அச்சேறின. ‘தேசபக்தன்’ 1929 வரை வெளிவந்தது. அதன் ஆசிரியப் பொறுப்பைத் தாங்கியவர்களுள் அவர் மனைவியார் மீனாட்சியம்மையும் ஒருவர். கூட்டங்களிலே பாடுவதற்கென்று தொழிலாளர் நிலையைப் பாட்டாக இயற்றிய அம்மையார் அவர். கையெழுத்தறியாத மக்களிடம் பத்திரிகை செல்லாத இடத்துக்குப் பாட்டுச் சென்றது. ஐயரின் புகழில் பாதி அம்மையாருக்கு உரியதென்பது நம் எண்ணம்.

அந்நாளிற் கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அவர்கள். அவருடைய தொழிற்சங்கத்திலே ஐயர் உபதலைவராக அமர்ந்தார். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற அந்தச் சில வருடங்கள் இந்நாட்டுச் சரித்திரத்தில் அபூர்வமானவை. அது நிலைக்கவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும், வேலையைப் பறித்தவன் இந்தியன் என்ற பேச்சு எழுந்தது. குணசிங்க அவர்களும் அப்பக்கமே சாய்ந்தார். 1928-ல் இருவரும் பிரிந்தனர்.

அதன்பின் ஐயர் மலையேறினார். 1931-ல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளருக்கெனத் தோட்டத்து நடுவிலேயே எழுந்த முதற் சங்கம் அது. துரைக்கு அஞ்சுவது போலவே கங்காணிக்கும் அஞ்சிய காலம். பற்று வழியைத் திறந்து வைத்தவர் கங்காணி; ஆளுக்கு இவ்வளவென்று பென்ஸ்காசு பெற்றவரும் அவரே. வேலை போனால் லயத்து அறையும் போயிற்று. இவ்விரு சக்திகளையும் ஒருங்கே பகைத்துக்கொண்டார் ஐயர். தேயிலை விலை சரிந்து சம்பளம் வெட்டப்பட்டபோதும் எதிர்த்து நின்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. சம்மேளனத்தின் பெயரில் ‘இந்திய’ என்ற சொல் இருந்தது. அச்சொல்லுக்கு அன்று பயன் இருந்தது. இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு கண்டியில் இருந்தார், முறையிட ஓரிடம் இருந்தது. ஆனால் அதே சொல்லைக் காட்டியே, இவர்கள் இந்நாட்டார் அல்லர் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சிங்களவரோடு சேர்ந்து நின்றவரையும் அந்தப் பெயருக்குள் தள்ளியது யாருடைய குற்றம்? ஐயரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

1925-லேயே சட்டசபையில் இந்தியர் பிரதிநிதியாக அமர்ந்த அவரை, 1936-ல் அட்டன் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1931-ல் சர்வசன வாக்குரிமை வந்தபோது இந்தியருக்கு மட்டும் நிரந்தர வாசத்தை நிரூபிக்கும் நிபந்தனைகள் இருந்தன. 1939-ல் சுமார் 2,25,000 ஆக இருந்த இந்திய வாக்காளர் தொகை, நிபந்தனைகள் இறுக்கப்பட்டதால் 1943-ல் சுமார் 1,68,000 ஆகக் குறைந்தது. ஐயர் சபையில் இருந்த காலத்திலேயே இது நடந்தது.

1939-ல் நேரு அவர்களின் வருகையை ஒட்டித் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸ் விரைவிற் பெருகியது. 1947-ம் ஆண்டுத் தேர்தலில் அது 7 இடங்களைப் பிடிக்க, ஐயரோ தோல்வியுற்றார். தாம் திறந்த வாயிலால் பிறர் உட்சென்றதை அவர் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 7-ந் தேதி காலமானார்.

மூன்று மாதங்களில் இலங்கை சுதந்திரம் பெற்றது. 1948-ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது; அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. 1964-ல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர்; மீதி 1,50,000 பேரின் கணக்குப் பின்னர் தீர்க்கப்படுவதாயிற்று. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-ல் நிறைவேறியது. ஐயர் இறந்து அப்போது 56 வருடங்கள்.