பெண் குரங்கின் விருப்பத்தை நம்பிய டார்வின்

சார்ல்ஸ் டார்வின் என்றதும் பலருக்குக் கலாபகோஸ் தீவுகளின் குருவிகள் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது மயில்தோகை. அதைப் பார்த்தாலே தமக்குக் குமட்டுகிறது என்று 1860ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க நண்பருக்கு அவர் கடிதம் எழுதினார். உயிர் பிழைக்க உதவும் பண்புகளே நிலைக்கும் என்று அதற்கு முந்திய ஆண்டில்தான் புத்தகம் போட்டிருந்தார். பகைவனிடமிருந்து தப்பிக்கத் தடையாக இருக்கும் தோகை எப்படி நிலைத்தது?

1809இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த டார்வின், அறுவை சிகிச்சையைக் காணச் சகிக்காமல் மருத்துவப் படிப்பைக் கைவிட்டவர். 22 வயதில் பீகிள் கப்பலேறி ஐந்தாண்டு உலகைச் சுற்றினார். திரும்பி வந்து, 1838இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஜென்னி என்ற ஓராங் ஊத்தானைக் கண்டார். காவலர் ஆப்பிளைக் காட்டிவிட்டுத் தராமல் போக, அது மல்லாந்து விழுந்து, காலை உதைத்து அழுததாம், அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி. விலங்குக்கும் மனம் உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மனம் இருந்தால் விருப்பமும் இருக்குமே! 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி வெளியிட்ட இரண்டு பாக நூலில் அவர் சொன்ன விடை அதுதான். ஆண்கள் மோதிக்கொள்வது ஒரு பக்கம். எந்த ஆணோடு சேர்வது என்று பெண் தேர்ந்தெடுப்பது மறுபக்கம். பல தலைமுறைகளாகப் பெண்கள் விரும்பியதால் வளர்ந்ததே தோகை. மாண்ட்ரில் ஆண் குரங்கின் சிவந்த மூக்கும் நீலக் கன்னமும் அப்படி வந்தவையே. இதற்குப் பாலினத் தேர்வு என்று பெயர்.

இதே நூலில் ஆண்களின் அறிவாற்றல் பெண்களினும் மேலானது என்றும் எழுதிவைத்தார். பெண் மயிலுக்குக் கொடுத்த மதிப்பை மனிதப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. ஒரு மாணவியாக இதை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

பெண்ணின் தேர்வை அக்காலத்தில் பலர் ஏற்கவில்லை. முக்கியமாக மறுத்தவர் ஆல்ஃபிரட் வாலஸ். 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கி, மலாக்காவிலும் சரவாக்கிலும் உயிரினங்களைச் சேகரித்தவர். இயற்கைத் தேர்வைத் தனியாகவே கண்டறிந்தவர். ஆணின் நிறம் அதன் துடிப்பான உடல்நலத்தால் வருவது, பெண்ணின் ரசனைக்கு அதில் வேலையில்லை என்பது அவர் வாதம். நட்பு முறியவில்லை; கருத்தும் ஒன்றுபடவில்லை.

டார்வினிடம் இருந்த சான்றுகளும் வலுவானவையல்ல. குரங்குகளைப் பற்றி அவர் அறிந்தவை பெரும்பாலும் கூண்டுகளிலிருந்தும் பிறர் கடிதங்களிலிருந்தும் வந்தவை. ஓர் இளம் மாண்ட்ரில் முதன்முறை கண்ணாடியைப் பார்த்ததும் திரும்பித் தன் சிவந்த பின்புறத்தை அதற்குக் காட்டியதாக ஒரு ஜெர்மானியர் எழுதியிருந்தார். டார்வின் அவருக்குக் கடிதம் போட்டு விசாரித்து, 1876இல், தம் 67ஆவது வயதில், நேச்சர் இதழில் அதைக் கட்டுரையாக்கினார். நாலு பேர் சிரிப்பார்களே என்று அவர் தயங்கவில்லை.

பதில் வர நூறாண்டுக்கு மேலானது. காபோன் நாட்டில் வேலியிட்ட காட்டுப்பகுதியில் வாழும் மாண்ட்ரில்களைக் கவனித்த ஆய்வாளர்கள் 2005இல் தம் முடிவை வெளியிட்டார்கள். பளிச்சென்ற நிறமுள்ள ஆண்களையே பெண்கள் நாடிச் சென்றன. அவற்றுக்கே அதிகம் பேன் பார்த்தன. கூட்டத்தில் அந்த ஆணுக்கு என்ன பதவி என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் முடிவு மாறவில்லை. நம் சபாவின் நீள்மூக்குக் குரங்குகளிலும், மூக்குப் பெரிதாக உள்ள ஆணின் கூட்டத்தில் பெண்கள் அதிகம் என்று 2018இல் தெரியவந்தது.

டார்வின் இவற்றைக் காணவில்லை. சிரியா நாட்டுத் தெருநாய்களைப் பற்றி வேறொருவர் எழுதிய கட்டுரைக்கு அவர் ஒரு முன்னுரை தந்திருந்தார். எதிர்ப்புகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்த பின்னும் பாலினத் தேர்வைத் தாம் உறுதியாக நம்புவதாக அதில் எழுதினார். 1882 ஏப்ரல் 18 அன்று லண்டன் விலங்கியல் சங்கத்தில் அது வாசிக்கப்பட்டது. மறுநாள் அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவருடைய சவப்பெட்டியைச் சுமந்து சென்றவர்களில் வாலஸும் ஒருவர்.