தாயகம் தேடிய பண்டிதர்

சுயபாஷையில் பற்றுள்ளோர் பிற பாஷைகளை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பதை அறிய விரும்பும் தேசபக்தர்கள், ஹங்கேரியரான சோமா டி கோரோஷின் சரித்திரத்தை ஊன்றி நோக்குவார்களாக.

1784-ல் திரான்ஸில்வேனியாவில் எளிய குடும்பத்திற் பிறந்த அவர், ஜெர்மனியில் கெட்டிங்கன் சர்வகலாசாலையில் பயின்றார். தம் இனத்தாரின் ஆதித் தாயகம் ஆசியாவில் எங்குளது என்று காணும் பேராவலால் 1819-ல் புறப்பட்டு, கால்நடையாகவும் வணிகர் கூட்டங்களுடனும் யாத்திரை செய்து, 1822-ல் லடாக்கை அடைந்தார். ஆங்கிலேயரான மூர்கிராப்ட் தூண்டவே, திபேத்து பாஷையைக் கற்கத் துணிந்தார். ஸாங்ஸ்கர் மலைநாட்டில், குளிர்காய நெருப்புமற்ற சிற்றறையில், லாமா ஒருவருக்கு மாணாக்கராக அமர்ந்து சுவடிகளைப் பயின்றார். கம்பெனியார் முதலில் அவர்மீது ஐயங்கொண்டனர். பின்னர் மாதம் ரூ. 50 உதவினர். 1834-ல் கல்கத்தாவில் அவருடைய திபேத்து-ஆங்கில அகராதியும் இலக்கணமும் வெளிவந்தன.

மறு வருஷமே, அதே நகரில், மெக்காலே ஸம்ஸ்கிருதமும் அரபியும் அறியாதவராயிருந்தும் கீழ்நாட்டுக் கல்வியைத் தாழ்த்திக் குறிப்பு வரைந்தார். அக்குறிப்பு வகுத்த வழியிலே கல்வி பெற்ற நாம், இவ்விருவருள் யாரைப் பின்பற்றி வந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1842-ல் லாஸாவை நோக்கிச் செல்லும் வழியில், டார்ஜிலிங்கில் காய்ச்சல் கண்டு சோமா உயிர் நீத்தார். தாயகம் அவருக்குப் புலப்படவில்லை. ஹங்கேரிய பாஷையின் சுற்றம் யூரல் மலைப் பக்கத்திலும் பின்லாந்திலும் உளதென்பதே பிற்கால ஆராய்ச்சியின் முடிபு. தேடியது கிட்டாவிடினும், அவருடைய அகராதி மேல்நாட்டில் திபேத்தியக் கல்விக்கு அஸ்திவாரமாயிற்று. பிறர் பாஷையிடம் மாணாக்கனாய்ச் செல்பவன் தன் பாஷைக்குச் சிறுமை தேடுவதில்லை என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.